பெயர் சொல்லப்படாத கடன்: மணமுறிவும் கணக்குத் தீர்ப்பும்

வைகறைத் தொழுகைக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்தார்கள். இருள் இன்னும் பிரியவில்லை. வாசலருகே ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். யாரென வினவியபோது, ஸஹ்லின் மகள் ஹபீபா என்று விடை வந்தது. தமக்கும் தம் கணவர் ஸாபித் இப்னு கைஸுக்கும் இனி ஒத்துவராது என்பதை அவர் மிகச் சுருக்கமாகச் சொன்னார். ஸாபித் (ரலி) வந்து சேர்ந்ததும், கணவர் தமக்கு அளித்தவை யாவும் தம்மிடமே இருக்கின்றன என்று அப்பெண் அறிவித்தார். அவற்றைப் பெற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் பணிக்க, கணவர் பெற்றுக்கொண்டார். பெண் தம் குடும்பத்தாரிடம் சென்று தங்கினார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இடம்பெறும் செய்தி இது. புகாரியின் அறிவிப்பில் திரும்பக் கொடுக்கப்பட்ட பொருள் இன்னதென்று தெளிவாகிறது: அது ஒரு தோட்டம், மஹராகக் கொடுக்கப்பட்டது. அப்பெண் தம் கணவரின் குணத்தையோ மார்க்கப் பற்றையோ குறை கூறவில்லை என்பதும் அங்கே பதிவாகியுள்ளது. வேறு நூல்களில் பெண்ணின் பெயர் ஜமீலா என வருகிறது. இவை இரு வேறு நிகழ்ச்சிகளாக இருக்கலாம் எனக் கருதிய அறிஞர்களும் உளர்.

இந்நிகழ்ச்சியை மனைவியின் மணவிலக்கு உரிமைக்குச் சான்றாக நம் மேடைகளில் எடுத்துக்காட்டுகிறோம். அது சரியே. ஆயினும் இதனை ஒரு கணக்குத் தீர்ப்பாகப் படிப்போர் குறைவு. அப்படிப் படித்தால் சில செய்திகள் புலப்படும். பொருள் இன்னதென்று பெயர் சொல்லப்பட்டது. அது கைவசம் இருப்பது உறுதி செய்யப்பட்டது. இருவரும் நேரில் இருக்க, நடுவர் ஒருவர் முன்னிலையில் அது கைமாறியது. தோட்டத்தைத் தவிர இருவருக்குமிடையே வேறு கொடுக்கல் வாங்கல் இருந்ததா? இருந்திருந்தால் அது என்னவாயிற்று? அறிவிப்புகள் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசப்படாத கடன் வாழ்கிறதா, மடிகிறதா என்ற இவ்வினாவோடுதான் பின்வந்த நூற்றாண்டுகளின் சட்ட அறிஞர்கள் நெடிது போராடினர். நம் ஊர்களில் இன்று எழுதப்படும் முறிவுப் பத்திரங்களிலும் அதே வினாதான் மறைந்து நிற்கிறது.

முதலில் ஓர் அடிப்படையை நினைவூட்டுவோம். இஸ்லாமியச் சட்டத்தில் மணம் இரு உள்ளங்களை இணைக்கிறது, இரு பணப்பைகளை இணைப்பதில்லை. மனைவியின் உடைமை மனைவிக்கே. கணவனின் கடனுக்கு அவள் பிணையல்லள். ஆகவே பிரிவின்போது, பொதுவான ஒரு குவியலை இரண்டாகப் பகுப்பது என்ற வேலை மூலச்சட்டத்தில் எழுவதில்லை. எழுவது, யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்ற கணக்கே. கணக்கின் முதல் வரி மஹர். அது அன்பளிப்பன்று, கணவனின் தலைமேல் நிற்கும் கடன். பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் பிடுங்கலாகாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 20ஆம் வசனம் தடுக்கிறது. இறை வரம்புகளைக் காக்க இயலாது என்று இருவரும் அஞ்சும் நிலையில் மட்டும், மனைவி தன் விடுதலைக்காக எதையேனும் ஈடாகத் தருவதில் குற்றமில்லை என்று அல்பகராவின் 229ஆம் வசனம் ஒரு வாயிலைத் திறக்கிறது. இவ்வாயிலே குல்உ. நம் மக்கள் வழக்கில் குலா என்பர். இருவரும் ஒருவரையொருவர் விடுவித்துப் பிரிவது முபாரஅத். பிரிந்த பின்னரும் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் ஊதியத்தை இருவரும் கலந்து பேசி முறைப்படி முடிவு செய்ய வேண்டும் என்று அத்தலாக் அத்தியாயம் கூறுவதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈடு எவ்வளவு இருக்கலாம் என்பதில் தொடக்கத்திலேயே இரு போக்குகள் தோன்றின. முஅவ்வித் என்பாரின் மகள் ருபய்யிஃ (ரலி) தமக்குரிய அனைத்தையும் ஈடாகக் கொடுத்துப் பிரிந்ததையும், கூந்தல் கட்டும் நாடா வரையில் அது செல்லலாம் என்று கலீஃபா உஸ்மான் (ரலி) அனுமதித்ததையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. மறுபுறம், தோட்டத்துக்கு மேல் அதிகமாக எதுவும் வேண்டாம் என நபியவர்கள் தடுத்ததாகவும் அறிவிப்புகள் உள்ளன. ஹனஃபி அறிஞர்கள் இவ்விரண்டையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தனர். பிணக்குக் கணவனால் விளைந்ததாயின் அவன் எதையும் பெறுவது வெறுக்கத்தக்கது. மனைவியால் விளைந்ததாயின், கொடுத்ததற்கு மேல் பெறுவது வெறுக்கத்தக்கது. ஆனால் பெற்றுவிட்டால் நீதிமன்றத்தில் அது செல்லும். அறமும் சட்டமும் பிரிந்து நிற்கும் இந்த இடைவெளியில் எத்தனையோ பெண்களின் மஹர் கரைந்துபோயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இமாம் மாலிக் (ஹி. 179 / கி.பி. 795) இதில் இன்னும் ஓரடி முன்னே சென்றார். கணவன் கொடுமை செய்து நெருக்கியதாலேயே அவள் பொருள் கொடுத்து விலகினாள் என்பது தெரியவந்தால், மணவிலக்கு நிற்கும், பொருள் மட்டும் அவளிடம் திரும்ப வேண்டும் என்பது முவத்தாவில் அவர் உரைக்கும் தீர்ப்பு.

இனி நம் முதன்மையான வினாவுக்கு வருவோம். கூஃபா நகரின் மூன்று பெரியோர்கள், ஒரே கல்விக்கூடத்தைச் சார்ந்தவர்கள், இவ்வினாவுக்கு மூன்று விடைகள் தந்தனர். இமாம் அபூஹனீஃபா (ஹி. 150 / கி.பி. 767) கருத்துப்படி, குல்உ ஆயினும் முபாரஅத் ஆயினும், மணத்தைச் சார்ந்து ஒருவர்மீது மற்றவருக்குள்ள உரிமைகள் யாவும், பெயர் சொல்லப்படாதபோதும், விழுந்துவிடும். அவருடைய மாணவர் இமாம் முஹம்மத் ஷைபானி இதற்கு நேரெதிர். இரண்டிலும், பெயர் குறித்துச் சொன்னது மட்டுமே விழும், சொல்லாதது அப்படியே நிற்கும். இமாம் அபூயூஸுஃப் நடுவே நின்றார். முபாரஅத்தில் ஆசிரியரோடும், குல்உவில் முஹம்மதோடும் சேர்ந்தார். 12ஆம் நூற்றாண்டில் மர்ஃகீனானி இயற்றிய ஹிதாயா இம்மூன்று கருத்துகளையும் அடுத்தடுத்து வைக்கிறது. நம் மதரஸாக்களில் ஹிதாயா ஓதியோர் இப்பகுதியைக் கடந்தே வந்திருப்பர்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மஹரில் பாதி நிலுவையாக இருக்கும் ஒரு பெண், மாமியார் வீட்டார் கேட்ட ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டு குல்உ பெறுகிறாள் என்று கொள்வோம். நிலுவை மஹரைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அபூஹனீஃபா அவர்களின் கருத்தில் அந்நிலுவை அக்கணமே மடிந்தது. முஹம்மத் அவர்களின் கருத்தில் அவள் நாளையே அதைக் கேட்கலாம். ஷாஃபிஈ மரபும் இப்பின்னதையே ஒத்தது. தமிழகத்தின் உட்பகுதி ஊர்களில் ஹனஃபி மரபும், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மரபும் பரவியிருப்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே மொழி பேசும் இரு பெண்களுக்கு ஒரே மௌனம் இரு வேறு விளைவுகளைத் தரக்கூடும் என்பது விளங்கும். அபூஹனீஃபா அவர்களின் கருத்துக்கும் எல்லை உண்டு. இத்தாக் காலச் செலவு, குறிப்பிட்டுச் சொன்னாலன்றி விழாது. மனைவி கணவனுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் மணத்தைச் சார்ந்த கடனன்று. அதுவும் விழாது என்பதே அம்மரபின் வலுவான அறிவிப்பு. இந்த எல்லையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

வீட்டுப் பொருள்களின் கதை சுவையானது. கணவனும் மனைவியும் பிரிகின்றனர். பாய், பானை, பெட்டி யாவும் தன்னுடையவை என்று இருவருமே சொல்கின்றனர். சாட்சியில்லை. அபூஹனீஃபா, பொருளின் இயல்பைப் பார் என்றார். தலைப்பாகை போல ஆணுக்குரியது ஆணுக்கு, முக்காடு போலப் பெண்ணுக்குரியது பெண்ணுக்கு, பாத்திரம் போல இருவருக்கும் பொதுவானது கணவனுக்கு, வீடு அவன் கையில் இருப்பதால். அபூயூஸுஃப், அவளைப் போன்ற பெண் சீராகக் கொண்டுவரும் அளவு அவளுக்கே சேரும் என்று திருத்தினார். இப்னு அபீ லைலா என்ற கூஃபா நீதிபதியோ, அவளுடைய உடை நீங்கலாக எல்லாம் கணவனுக்கே என்றார். இமாம் ஷாஃபிஈ (ஹி. 204 / கி.பி. 820) இயல்பைக் கொண்டு உரிமையை ஊகிக்கும் முறையையே மறுத்தார். ஆண் பெண்ணணிகளை வாங்கியோ வாரிசாகவோ பெற்றிருக்கலாம், பெண் ஆணுக்குரிய கருவிகளைப் பெற்றிருக்கலாம். அலீ (ரலி) தம் இரும்புக் கவசத்தையன்றோ ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராக அளித்தார்! எனவே இருவரும் சத்தியம் செய்தபின் ஆளுக்குப் பாதி என்பது அவர் தீர்ப்பு. நம் பாட்டிமார் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொண்டுவந்த வழக்கத்தை எண்ணும்போது, கூஃபாவின் பேரறிஞர்களைத் திணறடித்த ஒரு வழக்கைக் கன்னார் உளி கொண்டே முடித்துவிட்டனர் என்று தோன்றுகிறது.

கருத்து வேறுபாடு இத்துணை இருக்கையில், அறிவுடையோர் செய்யக்கூடியது ஒன்றே: எதையும் மௌனத்துக்கு விடாமல் எழுதிவைப்பது. இதற்கென்றே ஷுரூத் என்ற பத்திரவியல் துறை வளர்ந்தது. எகிப்தின் இமாம் தஹாவி (ஹி. 321 / கி.பி. 933) இத்துறையில் பெருநூல்கள் யாத்தவர். எந்தச் சொல்லை எழுதினால் எந்த மரபைச் சேர்ந்த நீதிபதியும் பத்திரத்தை உடைக்க முடியாது என்று கணக்கிட்டு வாசகம் அமைப்பதே அத்துறையின் கலை.

மம்லூக் ஆட்சிக் காலத்து எகிப்திலும் ஷாமிலும் இதன் பயன் நன்கு தெரிகிறது. 1974இலும் 1976இலும் ஜெரூசலம் ஹரம் ஷரீஃபின் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 900 ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றையும் அக்கால ஃபத்வாக்களையும் ஆராய்ந்து யோசெஃப் ரப்போபோர்ட் 2005இல் வெளியிட்ட நூல், அக்காலத்து மணமுறிவுகளில் பெரும்பகுதி ஆணின் தன்னிச்சையான தலாக் அல்ல, இருதரப்பும் பேசி முடித்த குல்உதான் என்று காட்டியது. வரலாற்றாசிரியர் ஸகாவி (1427–1497) தம் பெருந்தொகையின் கடைசிப் பாகத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். அதில் காணும் திருமணங்களில் பத்தில் மூன்று மணவிலக்கில் முடிந்தவை. அன்றைய கெய்ரோவைப் பற்றி நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் படத்தோடு இது பொருந்துவதில்லை.

மஹர் நிலுவையை மனைவி எப்போது கேட்கலாம் என்பதும் அங்கே பெருஞ்சிக்கலாயிற்று. எகிப்தின் இமாம் லைஸ் இப்னு ஸஅத் (ஹி. 175 / கி.பி. 791), இமாம் மாலிக்குக்கு எழுதிய புகழ்பெற்ற மடலிலேயே இப்பூசல் தென்படுகிறது. மதீனாவில் அவள் விரும்பும்போது கேட்கலாம் என்றனர். ஷாமிலும் எகிப்திலும் இறப்போ பிரிவோ நேரும்வரை கேட்பதில்லை. மம்லூக் காலத்திலோ கேட்டவுடன் தரவேண்டிய கடன் என்ற நிலை வலுப்பெற்றது. தர இயலாத கணவர்கள் சிறைக்குச் சென்றனர். இப்னுல் கய்யிம் (1292–1350) இதனைக் கடுமையாகச் சாடினார். அவருடைய சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு: எந்நேரமும் கேட்கக்கூடிய கடன் கையிலிருந்த பெண், பேச்சு மேசைக்கு வெறுங்கையோடு வரவில்லை. அவள் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு பொருள் இருந்தது. மஹர் பெயரளவுத் தொகையாகச் சுருங்கிவிட்ட சமுதாயத்தில் குல்உ கேட்கும் பெண்ணுக்கு அது இல்லை. பின்னர் உஸ்மானிய நீதிமன்றப் பதிவேடுகளிலும் இதே காட்சிதான் பக்கந்தோறும் வருகிறது. மனைவி நிலுவை மஹரையும் இத்தாச் செலவையும் விட்டுக்கொடுக்கிறாள், சிலவேளை பிள்ளையின் பராமரிப்பையும் தானே ஏற்கிறாள், பின்னர் இருவரும் ஒருவர்மீது ஒருவருக்கு வழக்கில்லை என்று சொல்லி விலகுகின்றனர்.

இந்தியாவில் இவ்வழக்கு ஆங்கிலேயரின் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. வங்காளத்தின் முன்ஷி பஸ்லுர் ரஹீம் என்பாருக்கும் லதீஃபுன்னிஸா என்பாருக்கும் நடந்த வழக்கு 1861இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. மனைவி மஹரைக் கேட்டார். அவர் குல்உ பெற்று மஹரை விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதித் தந்துவிட்டார் என்பது கணவர் தரப்பின் மறுப்பு. இத்தீர்ப்பில் குல்உவுக்குத் தரப்பட்ட இலக்கணமே பின்னாளில் இந்திய நீதிமன்றங்கள் எடுத்தாளும் இலக்கணமாயிற்று. ஒப்புக்கொண்ட ஈடு செலுத்தப்படாமல் போனாலும் அதனால் மணவிலக்கு செல்லாததாகிவிடாது என்பதும் அதிலிருந்து நிலைபெற்ற விதி. மண உறவு வேறு, கடன் வேறு என்ற பழைய ஃபிக்ஹுக் கோட்பாடு கடல் கடந்தும் உருக்குலையாமல் போய்ச் சேர்ந்தது வியப்புக்குரியது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் குல்உ, முபாரஅத் இரண்டையும் பெயர் குறித்து ஏற்றது. 1939ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், நீதிமன்றம் வழியாக விலக்கு பெறும் பெண்ணின் மஹர் உரிமை அதனால் பாதிக்கப்படாது என்று தனிப் பிரிவே வைத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், மஹரோடு, மணத்துக்கு முன்னும் மணத்தின்போதும் பின்னும் உறவினர், நண்பர், கணவர் ஆகியோர் அவளுக்கு அளித்த உடைமைகள் அனைத்தையும் அவளுக்குரியவை என்று பட்டியலிட்டது. அச்சட்டத்தைப் பற்றிய நம்முடைய விவாதங்கள் ஜீவனாம்சத்தையே சுற்றி வந்தமையால், இந்தப் பட்டியல் உரிய கவனம் பெறவில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கேயுரிய ஒரு செய்தி இலங்கைச் சட்டத்தில் இருக்கிறது. கைக்கூலி என்ற சொல் தமிழகத்து முஸ்லிம் வழக்கில் மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் ரொக்கத்தைக் குறிக்கும். வாங்கியவர் அதைத் தம் வருவாயாகவே எண்ணுவார். இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதே தமிழ்ச் சொல்லை எடுத்து அதற்கு வேறொரு பொருள் வரையறுத்தது. மணத்துக்கு முன்போ மணத்தின்போதோ, மணமகளின் பயன்பாட்டுக்காக, அவளுடைய உறவினரோ பிறரோ மணமகனிடம் தந்த, அல்லது தருவதாக வாக்களித்த பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. பயன்பாட்டுக்காக என்ற அவ்வொரு சொல்லில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வாங்கியவன் உரிமையாளனல்லன், பொறுப்பாளன். ஆகவே மனைவி அதைத் திரும்பக் கேட்கலாம், காதி நீதவான் விசாரித்து ஆணையிடலாம். மார்க்கத்தில் இடமில்லாத ஒரு வழக்கத்தை ஒழிக்க முடியாத நிலையில், அதைக் கடனாகவேனும் எழுதிவைத்த இந்த அறிவு பாராட்டுக்குரியது. 1806இல் தொகுக்கப்பட்ட முஹம்மதியச் சட்டத் தொகுப்பு, 1929ஆம் ஆண்டுச் சட்டம் என்ற படிகளைக் கடந்து வந்த அச்சட்ட மரபைத் தமிழகத்து ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும்.

இரு பணப்பைக் கோட்பாடு எல்லாவற்றுக்கும் விடை தருகிறதா என்றால், தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபதாண்டுகள் இருவரும் உழைத்து எழுப்பிய வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தால், கணக்கேட்டில் மனைவியின் வரி எங்கே? வட மொராக்கோவின் மலைநாட்டில் நீதிபதியாயிருந்த இப்னு அர்தூன் (மறைவு 1584), வயலில் கணவனோடு உழைத்த பெண்ணுக்கு விளைச்சலில் பங்குண்டு எனத் தீர்ப்பளித்தார். உழைப்புக்கு உரிமை என்ற இம்மரபின் வழியில், மொராக்கோவின் 2004ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், மணக்காலத்தில் சேரும் சொத்தை எவ்வாறு நிருவகிப்பது என்று மண ஒப்பந்தத்துக்குப் புறம்பான தனிப் பத்திரத்தில் இருவரும் எழுதிக்கொள்ளலாம் என்றது. எழுதாவிடில் ஒவ்வொருவரின் உழைப்பும் சுமந்த பாரமும் எடைபோடப்படும். மலாய் நாட்டில் கூட்டாக ஈட்டிய சொத்தைப் பங்கிடும் பழைய வழக்கம் ஹர்த்தா செபென்சாரியான் எனப்படும். மலேசியாவின் ஷரீஅத் நீதிமன்றங்கள் அதனைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகின்றன. அங்கே வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கும் அது பொருந்தும். பினாங்கில் பிரியும் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணுக்குக் கிடைக்கும் பங்கை, நாகூரில் பிரியும் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி கனவிலும் கேட்க முடியாது.

நம் மாநிலத்தில், குல்உச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தனியார் அமைப்புகளுக்கு இல்லை, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. உறவு முறிந்ததா என்பதை அறிவிக்கும் இடம் இவ்வாறு மாறினாலும், யாருக்கு யார் என்ன தர வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் வீட்டுக் கூடத்திலோ பள்ளிவாசல் அலுவலகத்திலோதான் நடக்கிறது. இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தச் சொல்லும் அந்நிஸாவின் 35ஆம் வசனத்தின் நிழல் அதில் உண்டு. அப்பேச்சின் முடிவில் எழுதப்படும் தாளில் தவறாமல் ஒரு வாசகம் இடம்பெறும்: இன்று முதல் எங்களுக்குள் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. எழுத்தர் மனப்பாடமாக எழுதும் வாசகம் இது. அபூஹனீஃபா அவர்களின் கருத்திலும்கூட விழாமல் நின்ற கைமாற்றுக் கடனை இவ்வொரு வரி விழுத்திவிடக்கூடும். அவர் மணத்தைச் சார்ந்த உரிமைகளோடு நிறுத்திக்கொண்டார். எழுத்தரின் வரிக்கோ எல்லையில்லை.

நம் ஊர்களில் அக்கடன் பெரும்பாலும் நகைதான். கணவனின் கடைக்காக, வளைகுடாப் பயணத்துக்காக, நாத்தனாரின் திருமணத்துக்காக மனைவி கழற்றிக் கொடுத்த பவுன்கள் கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ அடகில் இருக்கும். மஹர் நிக்காஹ் தஃப்தரில் பதிவாகியிருக்கும், அது சில ஆயிரம் ரூபாய். நகை எதிலும் பதிவாகியிராது, அது பல லட்சம். சில ஆயிரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு, பல லட்சத்தை அவ்வொற்றை வரிக்கு இரையாக்கிவிட்டுத் தந்தையும் மகளும் எழுந்து செல்வர். அடகுச் சீட்டின் எண், நகையின் எடை, மீட்க வேண்டியவர் பெயர், மீட்க வேண்டிய நாள், வட்டி யார் தலையில் என்ற விவரங்கள் அத்தாளில் அரைப் பக்கம்கூடப் பிடிக்கா. ஹபீபா (ரலி) அந்த வைகறையில் கணவர் தந்தவை யாவும் தம்மிடம் இருக்கின்றன என்று தாமே சொன்னார். அடகுச் சீட்டை வைத்திருப்பவர்தான் நம் கூடத்தில் அவ்வாறு சொல்ல வேண்டியவர். அவரைக் கேட்காமலே எழுத்தர் தாளை மடித்துக் கையெழுத்துக்கு நீட்டுகிறார்.